அரை நெல் தள்ளி

மடியில் சிபியூவை வைத்துக்கொண்டு
குடியாத்தத்தில் ஏறினேன்.
கண்டக்டர் பார்த்தார். லக்கேஜ் போடவில்லை.
பள்ளிகொண்டா தாண்டுவதற்குள்
தகர மூலை முழங்காலில் ஒரு கோடு இழுத்துவிட்டது.

முகூர்த்த மாசம். எட்டு அழைப்பிதழ் பாக்கி.
கோரல்டிராவைத் திறந்தால் வட்டம் சுற்றும்,
அது நிற்பதற்குள்
டீ குடித்து டம்ளரையும் கழுவி வைக்கலாம்.
அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து சொன்னான்:
"ராம் போடு அத்தை, பறக்கும்."
இரண்டாயிரத்து நானூறு. வீட்டுக்கே வந்தது.
உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தேன்.
போகவில்லை.
திருப்பிப் பிடித்தேன், அப்போதும் போகவில்லை.
அழுத்தினேன்.
போர்டு முனகிய சத்தத்தில் கையை எடுத்துவிட்டேன்.

ஆபீசர்ஸ் லைனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே
இர்ஷாத் கடை. பெயர்ப்பலகை கிடையாது,
கீபோர்டுகள் தொங்கும்.
திருகைக் கழற்றினார்.
உள்ளே விரல்விட்டுக் கொஞ்சம் எடுத்து
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.
சிவப்பும் நீலமுமாய்ப் பஞ்சு.
"கீழ தறி ஓடுதா? குடியாத்தம்."
நான் ஊர் சொல்லியிருக்கவில்லை.

ஆம்பூர்ப் பெட்டியைத் திறந்தால்
ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசமாம்.
ராணிப்பேட்டைப் பெட்டியில் திருகே கழலாதாம், துரு.
ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜ் மிஷின் என்றால்
விசிறியில் ஊதுபத்திச் சாம்பல்;
ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள்
அறைக்கு அறை ஏற்றுவது.

பிறகு என் புது ராமையும் பழையதையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
"நடுவுல வெட்டு இருக்கில்ல, பாருங்க."
அரை நெல் தள்ளியிருந்தது.
அவ்வளவுதான்.
"இது நாலு. உங்க போர்டு மூணு.
இன்னா அமுக்கினாலும் ஒக்காராது.
ஒடைக்காம எடுத்துகினு வந்தீங்களே, அதுவே பெரிசு."
மாசம் நாற்பது தடவை
'நிகழும் மங்களகரமான' என்று அடிக்கிறவளுக்குப்
பொருத்தம் பற்றி ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.
அவர் வேலையில் இருந்தார். விழுங்கிக்கொண்டேன்.

போர்டையே மாற்றிவிடலாமா என்றேன்.
போர்டு மாறினால் பிராசசர் மாறணும்,
பிராசசர் மாறினால் பவர் சப்ளை தாங்காது,
எல்லாம் புதுசானால் இந்தத் தகரத்துக்குள் அடங்காது.
கடைசியில் என்னுடையது என்று மிஞ்சுவது
மவுசும், அதற்கடியில் நகைக்கடை காலண்டர் அட்டையும்.
பழைய பில்லின் முதுகில் கூட்டினார்:
இருபத்தாறாயிரம்.
அவரே கசக்கிப் போட்டார்.
"வேணாம் மேடம். ஒரு எஸ்எஸ்டி போதும்.
பழைய ராம் ஒன்னு, மூணுதான், எங்கிட்ட கீது.
பஞ்ச எடுத்துட்டு பேஸ்ட் வெச்சித் தரேன்.
மாசத்துக்கு ஒருவாட்டி ஊதுங்க. வாயால இல்ல."

அப்போ இது? என் இரண்டாயிரத்து நானூறு?
இழுப்பறையைத் திறந்தார்.
முழுக்கத் தப்பாய் வாங்கியவை.
வாலாஜா கிராபிக்ஸ் கார்டு: 'பெட்டிய விட நீளம்'.
பேரணாம்பட்டு பிராசசர்: 'பின் வேற'.
காட்பாடி சார்ஜர் ஒன்று, சீட்டில் வெறும் கேள்விக்குறி.
எல்லாவற்றிலும் ஒரு போன் நம்பர்.
என் பெயரையும் எழுதி ரப்பர் பேண்ட் போட்டார்.
அமுதவாணியில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது.
பிழை திருத்தியே பிழைக்கிறவள்
அன்றைக்குச் சும்மா இருந்தேன்.

ஆடி பிறந்து வேலை ஓய்ந்த ஒரு மத்தியானம்
போன் டிங் என்றது.
ஆயிரத்து எழுநூறு.
கீழே குறிப்பு: 'ஒக்காந்துச்சு. ஒடுகத்தூர் ஸ்கூல்.'

தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு
சைக்கிள் பம்பைத் தேடப் போனேன்.